இறால் குளமா, உப்பளமா, கண்டலா? புத்தளக் கரையை வைத்து வரைபட மென்பொருள் பழகுதல்

புவியியல் தகவல் முறைமை பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மென்பொருளை இறக்குவது என்பதைத்தான். அதற்கு விடை சுருக்கமானது: கியூஜிஐஎஸ். கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது. பணம் கட்ட வேண்டியதில்லை, சாதாரண மடிக்கணினியிலும் ஓடும், தமிழில் இடப்பெயர் எழுதினால் ஏற்றுக்கொள்ளும். அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் புழங்கும் ஆர்க்ஜிஐஎஸ்ஸுக்குப் பின்னால் மாற வேண்டி வந்தாலும், ஒன்றில் பழகிய கை மற்றதில் விரைவிலேயே பழகிவிடும்.

அடுத்த கேள்விதான் கடினமானது: அந்த மென்பொருளிடம் எதைக் கேட்கப் போகிறோம்? கேள்வி இல்லாமல் தொடங்குகிறவர் பொத்தான்களைக் கற்றுக்கொண்டு நின்றுவிடுவார். தான் வாழும் இடத்தைப் பற்றிய ஒரு கேள்வியோடு தொடங்குகிறவருக்கு ஒவ்வொரு பொத்தானும் ஏன் இருக்கிறது என்பது தானாகவே விளங்கும். ஆகவே இந்தக் கட்டுரை புத்தளம் மாவட்டக் கரையை எடுத்துக்கொண்டு, ஒரே கேள்வியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்கிறது.

கேள்வி

தெற்கே சிலாபத்திலிருந்து வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டின் முனை வரை இந்தக் கரையில் கடலுக்கும் நிலத்துக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று எங்கும் உண்டு. அதுதான் களப்பு. சிலாபக் களப்பு, முந்தல் களப்பு, புத்தளக் களப்பு ஆகிய மூன்றையும் ஒல்லாந்தர் கால்வாய் ஒன்றோடொன்று இணைக்கிறது. புத்தளக் களப்பு மட்டும் 300 சதுர கிலோமீற்றருக்கு மேல். கலா ஓயாவும் மீ ஓயாவும் அதில்தான் வந்து விழுகின்றன. இந்தக் களப்புகளின் ஓரங்களில் கண்டல் காடு, உவர்நிலம், உப்பளம், தென்னந்தோப்பு, மீனவக் கிராமம் எல்லாம் அடுத்தடுத்து நெருக்கமாக அமைந்திருக்கின்றன.

1980களில் இங்கே இறால் பண்ணைத் தொழில் பரவியது. கண்டலும் உவர்நிலமும் வெட்டப்பட்டு நீள்சதுரக் குளங்களாயின. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. ஒரு பண்ணை வெளியேற்றிய நீரை அதே கால்வாயிலிருந்து அடுத்த பண்ணை உள்ளெடுத்ததால் நோய் நீர்வழியே பரவியது. பலர் நட்டப்பட்டுக் குளங்களை அப்படியே விட்டுப் போனார்கள். பிற்காலத்தில், ஒரே நீரைப் பகிரும் பண்ணைகள் எல்லாம் ஒரே நேரத்தில் குஞ்சு விடாதபடி, பகுதி பகுதியாகப் பருவம் ஒதுக்கும் பயிர்நாட்காட்டி முறை வந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நமது கேள்வி பிறக்கிறது: அன்று வெட்டிய குளங்களில் இன்று எவை இயங்குகின்றன? எவை கைவிடப்பட்டவை? கைவிடப்பட்டவற்றில் எங்கே கண்டல் மீண்டும் வளரும்?

கேள்வியை இப்படி எழுதி வைத்தால் என்னென்ன தரவு வேண்டும் என்பது உடனே தெரியும். குளங்களின் எல்லைகள் வேண்டும். பண்ணைகள் வருவதற்கு முன் கண்டல் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். நீர் வந்து போகும் வழிகள், நிலத்தின் உயரம், குளம் யாருடையது என்ற விபரம் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு படலம். ஒரே இடத்தின் மேல் இந்தப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் கேட்பதுதான் இந்த முறைமையின் அடிப்படை வேலை. 1960களில் ரோஜர் டொம்லின்சன் கனடாவின் நிலவளக் கணக்கெடுப்புக்காக உருவாக்கிய முதல் கணினி முறைமையும் இதைத்தான் செய்தது.

இடத்தைச் சொல்லும் எண்கள்

படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டுமானால், எல்லாமே இடத்தை ஒரே விதமாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று போவோம்.

புத்தளம் நகரம் அகலாங்கு வடக்கு 8.03 பாகை, நெட்டாங்கு கிழக்கு 79.83 பாகை என்ற இடத்தை ஒட்டி இருக்கிறது. கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் தருவது இந்த வகை எண்களைத்தான். உலகம் முழுவதற்கும் பொதுவான இந்தச் சட்டகத்தின் பெயர் டபிள்யூஜிஎஸ் 84. மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 4326. இரண்டு எண்களையும் இடம் மாற்றி உள்ளிட்டால் புத்தளம் வட துருவத்துக்குப் பக்கத்தில், சுவால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழும். அட்டவணையிலிருந்து புள்ளிகளை ஏற்றும்போது எக்ஸ் என்ற இடத்தில் நெட்டாங்கும் வை என்ற இடத்தில் அகலாங்கும் வர வேண்டும் என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

பாகையில் இடத்தைச் சொல்லலாம், தூரத்தை அளக்க முடியாது. கால்வாயிலிருந்து 100 மீற்றருக்குள் உள்ள குளங்களைக் கேட்டு, படலம் பாகையில் இருந்தால், மென்பொருள் 100ஐப் பாகையாக எடுத்துப் பூமியின் பெரும்பகுதியை வளைத்துவிடும். எனவே அளக்கும் வேலைக்கு மீற்றரில் அமைந்த தளச் சட்டகம் வேண்டும். இலங்கைக்கு அது நில அளவைத் திணைக்களத்தின் தேசிய வலைப்பின்னல். 1800இல் தொடங்கிய அந்தத் திணைக்களத்தின் வரைபடங்களில் இரண்டு வலைப்பின்னல்களைக் காணலாம். இரண்டுக்கும் மையம் பீதுறுதாலகால மலை. பழையதில் அந்த மையத்துக்கு கிழக்கு 200,000, வடக்கு 200,000 என்று எண் கொடுத்தார்கள். 1999ஆம் ஆண்டின் புதிய சட்டகத்தில் அதே மையம் 500,000, 500,000.

இதன் விளைவை எண்ணில் பாருங்கள். புத்தளம் நகரம் புதிய வலைப்பின்னலில் ஏறக்குறைய கிழக்கு 396,000, வடக்கு 614,000. பழையதில் அதே நகரம் 96,000, 314,000. பழைய வரைபடத்திலிருந்து எடுத்த எண்ணைப் புதிய சட்டகம் என்று மென்பொருளுக்குச் சொன்னால், புத்தளம் மேற்கே 300 கிலோமீற்றரும் தெற்கே 300 கிலோமீற்றரும் நகர்ந்து இந்து சமுத்திரத்தின் நடுவே நிற்கும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும் என்பதால் அதிகம் பயப்படத் தேவையில்லை. சில நூறு மீற்றர் பிழைதான் ஆபத்தானது. பழைய வலைப்பின்னல் நிற்கும் கண்டவளை என்ற அடிப்படைச் சட்டகத்துக்கும் டபிள்யூஜிஎஸ் 84க்கும் இடையில் மாற்றம் செய்யாமல் விட்டால் எல்லாம் நூறு மீற்றருக்கும் மேல் விலகும். வரைபடம் பார்வைக்குச் சரியாகவே இருக்கும், ஆனால் உங்கள் இறால் குளம் பக்கத்துத் தென்னந்தோப்பின் மேல் கிடக்கும். ஒரு படலத்தைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் சட்டகத்தைப் பாருங்கள். புதிய தேசிய வலைப்பின்னல் இபிஎஸ்ஜி 5235, பழையது 5234.

காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து சட்டகத்தில் பொருத்த வேண்டியும் வரலாம். அதற்குக் காகிதத்திலும் செய்மதிப் படத்திலும் தெளிவாகத் தெரிகிற சில பொது இடங்கள் தேவை. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையின் மூலை அதற்கு மிக நல்ல இடம். களப்பு முகத்துவாரத்தின் மணல் முனை மிக மோசமான இடம். இந்தக் கரையில் மணல் ஆண்டுக்காண்டு நகர்கிறது. நகரும் முனையை அசையாப் புள்ளியாக எடுத்தால் கோணலாவது முழு வரைபடமும்தான்.

கோடும் கட்டமும்

மென்பொருளுக்குள் தரவு இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று வெக்டர்: தலவில ஆலயம் ஒரு புள்ளி, ஒல்லாந்தர் கால்வாய் ஒரு கோடு, இறால் குளம் ஒரு மூடிய உருவம். மற்றது ராஸ்டர்: சம அளவுள்ள கட்டங்களாகப் பிரிந்த படம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். செய்மதிப் படமும் நில உயரமும் இந்த வகை.

வெக்டரின் வலிமை வரைந்த கோட்டை விட அதோடு வரும் அட்டவணையில்தான் அதிகம். நமது குளங்களுக்கு ஓர் அட்டவணை அமைப்போம்: குளத்தின் எண், கிராம அலுவலர் பிரிவு, பரப்பு, நிலை, பார்த்த திகதி, யார் சொன்னது. கடைசி இரண்டு நிரல்களையும் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். கைவிடப்பட்டது என்று எழுதி, என்றைக்குப் பார்த்தது என்பதை எழுதாவிட்டால், ஐந்தாண்டு கழித்து அந்தச் சொல்லை யாரும் நம்ப முடியாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பரவலாகப் புழங்கும் ஷேப்ஃபைல் பழைய வடிவம். ஒரே படலத்துக்கு மூன்று நான்கு கோப்புகள் சேர்ந்து வரும், ஒன்றை மட்டும் அனுப்பினால் திறக்காது. எழுத்துக்குறி முறை சரியாக அமையாவிட்டால் உடப்பு, முந்தல் போன்ற ஊர்ப்பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். நிரலின் பெயருக்குப் பத்து பைட் மட்டுமே இடம், ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்பதால் மூன்று குறிக்கு மேல் இடம் இல்லை. ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமித்தால் எல்லாம் ஒரே கோப்பில் வரும், தமிழும் சிதையாது.

செய்மதி காண்பது

இனிக் குளங்களைத் தேடுவோம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். 2015இல் முதலாவதும் 2017இல் இரண்டாவதும் ஏவப்பட்டன. இத்தகைய இரண்டு செய்மதிகள் சேர்ந்து ஐந்து நாளுக்கொரு முறை ஒரே இடத்தைக் கடக்கும். அவற்றின் நுணுக்கமான படங்களில் ஒரு கட்டம் தரையில் 10 மீற்றருக்கு 10 மீற்றர். அரை ஹெக்டேயர்க் குளம் ஒன்று ஐம்பது கட்டங்களில் விழும், எல்லையை வரைய அது போதும். அமெரிக்காவின் லான்ட்சாட் கட்டம் 30 மீற்றர். அதே குளம் அதில் ஐந்தாறு கட்டங்கள்தான், அவற்றிலும் பாதி வரப்போடு கலந்துவிடும். ஆனால் லான்ட்சாட்டிடம் கடந்த காலம் இருக்கிறது. 1972இல் தொடங்கிய அதன் சேமிப்பு 2008இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. பண்ணைகள் பெருகிய ஆண்டுகளை அதில்தான் பார்க்க முடியும். இன்றைய நிலைக்குச் சென்டினல், அன்றைய நிலைக்கு லான்ட்சாட் என்று கேள்வியே தரவைப் பிரித்துக் கொடுக்கிறது.

செய்மதி நம் கண் காணாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் அளக்கிறது. பசுமையான இலை இந்த ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும், நீர் அநேகமாக எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டை வைத்து மக்ஃபீட்டர்ஸ் 1996இல் ஓர் எளிய நீர்க்குறியீட்டை முன்வைத்தார்: பச்சை ஒளியின் அளவிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, அந்த இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, நீர் நிறைந்த ஒரு குளத்தில் பச்சை 0.08, அகச்சிவப்பு 0.02 என்றால் விடை 0.6. கண்டல் மேலாப்பில் பச்சை 0.06, அகச்சிவப்பு 0.30 என்றால் விடை மைனஸ் 0.67. சுழியத்துக்கு மேலே நீர், கீழே நிலம். கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கணிப்பானில் இந்தச் சூத்திரத்தை ஒரு வரியில் எழுதி ஓட்டினால், களப்பும் கால்வாயும் குளங்களும் ஒரே வெள்ளையாகத் தெளிந்து வரும்.

அதைப் பார்த்து மகிழும் நேரத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. பாலாவியின் உப்பளப் பாத்தியும் நீர் நிறைந்த நீள்சதுரம்தான். இறால் குளமும் அப்படித்தான். குறியீடு இரண்டையும் நீர் என்றே சொல்லும், அதில் பிழையும் இல்லை, அதனிடம் கேட்டதே நீரைப் பற்றித்தான். உப்பளத்தைப் பிரித்தறிய வேறு சான்றுகள் தேவை: பாத்திகளின் ஒழுங்கு, அளவு, காய்ந்த காலத்தில் தெரியும் உப்பின் வெண்மை. இந்தக் கரையில் காய்ந்த மாதங்களின் படமும் ஒக்டோபருக்குப் பின் வரும் மழைக்காலத்தின் படமும் வேறு வேறு நாடுகளைப் போல இருக்கும். ஆகவே 1990களின் ஓகஸ்ட் படத்தை இன்றைய டிசம்பர் படத்தோடு ஒப்பிட்டு மாற்றத்தைக் கணக்கிடக் கூடாது. ஒரே பருவத்தோடு ஒரே பருவத்தையே வைக்க வேண்டும்.

ஒரு படம் போதாது

காய்ந்து கிடக்கும் ஒரு குளத்தைப் படத்தில் காண்கிறோம். அது கைவிடப்பட்டதா? அவசரப்படக் கூடாது. இறால் பிடித்து முடித்த பின் அடி மண்ணைக் காயவிடுவது தொழிலின் வழக்கம். பயிர்நாட்காட்டிப்படி தன் முறைக்குக் காத்திருக்கும் குளமும் அந்தப் பருவத்தில் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரு நாள் படத்தில் ஓய்வில் இருக்கும் குளமும் இறந்துபோன குளமும் ஒன்றுபோலவே தெரியும்.

இரண்டையும் காலம் பிரித்துக் காட்டும். ஒரே குளத்தை மூன்று நான்கு ஆண்டுகளின் பல படங்களில் பின்தொடருங்கள். இயங்கும் குளம் நிறையும், வடியும், காயும், மறுபடி நிறையும். கைவிடப்பட்டதில் அந்த ஒழுங்கு இருக்காது. மழைநீர் தேங்கிப் போகும், வரப்பில் செடி ஏறும், சில இடங்களில் வரப்பு உடைந்து களப்பு நீர் தானாகவே வந்து போகும். தொழிலின் நடைமுறை தெரியாதவர் எவ்வளவு திறமையாக மென்பொருளை இயக்கினாலும் இந்த இடத்தில் தவறுவார்.

பிறகு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வரைபடத்திலிருந்து குளங்களைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்யுங்கள். வீதியோரத்தில் வசதியாக இருப்பவற்றை மட்டும் பார்த்தால் முடிவு சாயும். கியூஃபீல்ட் என்ற இலவசச் செயலியில் உங்கள் படலத்தைக் கைத்தொலைபேசிக்கு எடுத்துச் செல்லலாம், வலையமைப்பு இல்லாத இடத்திலும் அது திறக்கும். ஒவ்வொரு குளத்தருகிலும் மென்பொருள் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை பொருந்தியது, எந்த வகை எந்த வகையோடு குழம்பியது என்ற அந்தச் சிறு அட்டவணைதான் உங்கள் வரைபடத்தின் நம்பகத்தன்மை. அது இல்லாத வண்ணப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

கண்டல் எங்கே வளரும்?

கேள்வியின் கடைசிப் பகுதி இதுதான், விலை அதிகமானதும் இதுதான். இலங்கையில் கண்டல் மீள்நடுகைத் திட்டங்களை 23 இடங்களில் ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே தேறியதாக அது கண்டது. ஒன்பது இடங்களில் ஒரு கன்று கூட மிஞ்சவில்லை. பொருந்தாத இனத்தைப் பொருந்தாத இடத்தில் நட்டதும், அங்கே நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்க்காததும் பெரிய காரணங்கள். கண்டல் கன்றுக்கு நீர் வரவும் வேண்டும், வடியவும் வேண்டும். எப்போதும் மூழ்கிய சேற்றில் அது மூச்சுத் திணறிச் சாகும்.

அப்படியானால் உயரப் படலத்தை எடுத்துப் பொருத்தமான இடத்தைக் கணித்துவிடலாமே என்று தோன்றும். 2000இல் விண்வெளி ஓடத்திலிருந்து ராடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதன் பிழை சில மீற்றர். காடுள்ள இடத்தில் அது மர உச்சியைத் தரை என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடோ ஒரு மீற்றருக்கும் குறைவு. கன்று பிழைப்பதும் சாவதும் சில சென்டிமீற்றரில் தீர்மானமாகிறது. மீற்றர் கணக்கில் பிழைபடும் தரவிடம் சென்டிமீற்றர் கேள்வியைக் கேட்டாலும் மென்பொருள் மறுக்காது, வண்ணம் தீட்டி ஒரு விடையைத் தந்துவிடும். அந்த விடையை மறுக்கத் தெரிவதுதான் இந்தத் துறையில் தேர்ச்சி. இந்தக் கேள்விக்குக் குளத்தின் மதகருகே அளவுகோல் நட்டு நீர்மட்டத்தைப் பல நாள் குறிப்பதே வழி.

வரைபடத்துக்கு இங்கே வேறு பயன் உண்டு. கைவிடப்பட்ட குளங்கள், பழைய கண்டல், நீர்வழி ஆகிய மூன்று படலங்களையும் ஒன்றாக வைத்து, முன்பு கண்டலாக இருந்த, நீர்வழிக்குப் பக்கத்தில் உள்ள, இன்னும் உயிருள்ள கண்டலிலிருந்து விதை மிதந்து வரக்கூடிய குளங்களை மட்டும் பிரித்தெடுக்கலாம். இப்படி ஆயிரக்கணக்கான குளங்களிலிருந்து போய் அளக்க வேண்டிய சில பத்துக் குளங்கள் தேறும். சிலாபத்துக்கு வடக்கே, 2001 முதல் ராம்சார் ஈரநிலமாக உள்ள ஆனைவிழுந்தான் சரணாலயத்தில் கைவிடப்பட்ட இறால் குளங்களில் நடக்கும் மீட்பு வேலை இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது: முதலில் நீரின் போக்குவரத்தைத் திருத்திக் கொடுத்தால், கண்டல் பெரும்பாலும் தானே வந்து முளைக்கும்.

படலத்தில் இல்லாதவை

எல்லாத் தரவுக்கும் ஒரு திகதி உண்டு, அந்தத் திகதிக்குப் பின் நடந்தது அதற்குத் தெரியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரம் பேர் இந்த மாவட்டத்தில் வந்து குடியேறினார்கள். அதற்கு முந்திய வரைபடத் தாளில் அவர்களின் குடியிருப்புகள் வெறும் நிலம். அந்தத் தாளை அடிப்படையாக வைத்து நிலத்துக்குத் திட்டம் போடுகிறவர், ஊர் இருக்கும் இடத்தை ஊரில்லாத இடமாகவே கணக்கிடுவார். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொதுத் திட்டத்தில் யாரும் தம் ஊரின் பெயரையும் ஒழுங்கையையும் சேர்க்கலாம். தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே எழுதவும் அதில் இடம் உண்டு.

இன்னும் சில, படத்தில் எந்தக் காலத்திலும் வராதவை. கரைவலைப் பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மணலில் கோடு கிடையாது. வலை இழுக்கிறவர்களுக்கு அது தெரியும். பருவத்துக்கு எழும் மீனவர் வாடி மற்ற மாதங்களில் வெறும் மணல். அந்த விபரத்தைக் கேட்டுப் பதிவு செய்யாமல் கடற்கரையைக் காலி இடம் என்று காட்டும் வரைபடம் அந்த மக்களுக்குத் தீங்கு செய்யும். மறுபக்கம், கேட்டறிந்த எல்லாவற்றையும் வெளியிடுவதும் முறையல்ல. கடலட்டை கிடைக்கும் இடமோ ஆவுளியா மேயும் கடற்புல் தரையோ துல்லியமான புள்ளியாக இணையத்தில் ஏறினால், அதை முதலில் பயன்படுத்துகிறவர் பாதுகாவலராக இருப்பார் என்று சொல்ல முடியாது. சொன்னவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். தேவையானால் புள்ளியை விரித்து ஒரு பெரிய பரப்பாக மட்டும் காட்டுங்கள்.

தொடங்குகிறவருக்கு இதிலிருந்து வரும் வேலைத்திட்டம் சிறியது. ஒரு கிராம அலுவலர் பிரிவை மட்டும் எடுங்கள். அதற்குள் தெரியும் இறால் குளங்களை ஒரு சென்டினல் படத்தின் மேல் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் அட்டவணையை நிரப்புங்கள். வேறு ஆண்டுகளின் படங்களை அடியில் வைத்து நிலையைச் சரிபாருங்கள். வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, மூலையில் தரவின் மூலத்தையும் திகதியையும் சட்டகத்தையும் எழுதி, அந்த ஊரில் குளம் வெட்டியவரிடமும் களப்பில் வலை போடுகிறவரிடமும் ஒரு பேனாவோடு கொடுங்கள். அவர்கள் அடித்துத் திருத்தியதை மென்பொருளில் ஏற்றிய பிறகே அது புத்தளத்தின் வரைபடம்.